டோக்கனில் உள்ள டிஜிட்டல் கையொப்பத்தை ஸ்கிரிப்ட் மூலம் எல்லா இன்வாய்ஸ்களிலும் இடுவது எப்படி?

கேள்வி: வார்ப்படக் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் மோட்டார் பம்புகளுக்கான வார்ப்பட உதிரிபாகங்கள் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாளொன்றுக்கு 30 முதல் 40 இன்வாய்ஸ் வரை போடுகிறோம். மாதக் கடைசியில் அது 70ஐத் தொடும். எங்களிடம் அதிகமாகச் சரக்கு எடுக்கும் நிறுவனம் ஒன்று, டிஜிட்டல் கையொப்பம் இல்லாத இன்வாய்ஸ்களை இந்த ஆண்டு முதல் திருப்பி அனுப்பிவிடுகிறது. கையொப்பம் இட்டு மறுபடி அனுப்பும்வரை பணமும் நின்றுவிடுகிறது.

எங்கள் முதலாளியிடம் வகுப்பு 3 டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் யூ.எஸ்.பி. டோக்கன் என்ற சிறு கருவியில் இருக்கிறது. மாலை 5 மணிக்கு மேல் அவர் என் கணினியின் முன் உட்கார்ந்து, ஒரு பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, கையொப்பத்துக்கான கட்டத்தை மவுஸால் வரைந்து, பின் எண்ணைத் தட்டி, கோப்பை வேறு பெயரில் சேமித்து, பிறகு அடுத்ததைத் திறக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம் ஆகிறது. அவருக்கு 63 வயது. பாதிக்கு மேல் போனால் கட்டத்தைத் தவறான இடத்தில் வரைந்துவிடுகிறார். அதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இரவு நேரங்களில் பைத்தான் நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு ஒரு ஸ்கிரிப்ட் எழுத முயன்றேன்.

முதலில் அவருடைய கையெழுத்தை ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை எல்லா இன்வாய்ஸ்களின் கடைசிப் பக்கத்திலும் ஒட்டும்படி எழுதினேன். வாங்குபவர்கள் அதை ஏற்கவில்லை. அடுத்து, பை-ஹேங்கோ என்ற பைத்தான் நிரல் நூலகத்தைப் பயன்படுத்தி டோக்கன் வழியாகவே கையொப்பமிட்டேன். கையொப்பம் விழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு என்னுடைய இன்னொரு ஸ்கிரிப்ட், அந்த இன்வாய்ஸோடு, சரக்கை அனுப்பத் தேவையான இ-வே பில்லையும் சேர்த்து ஒரே கோப்பாக்கிப் பக்க எண் போடுகிறது. அவ்வாறு சேர்த்த கோப்பைத் திறந்தால் கையொப்பமே காணவில்லை, அல்லது ஆவணம் மாற்றப்பட்டுள்ளது என்று எச்சரிக்கை வருகிறது. மூன்றாவதாக, விண்டோஸ் வழியாகக் கையொப்பமிடும் வேறொரு நிரலை முயன்றேன். அது ஒவ்வொரு கோப்புக்கும் பின் எண் கேட்டுச் சிறு சாளரத்தைத் திறக்கிறது. அப்படியானால் மவுஸ் வேலை மட்டும்தான் மிச்சமாகிறது.

டோக்கனில் உள்ள, கையொப்பமிடப் பயன்படும் ரகசியச் சாவியை ஒரு கோப்பாக எடுத்துக் கணினியில் வைத்துக்கொண்டால் பின் எண் தொல்லையே இராது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். ஆவணங்களை ஓர் இணையதளத்தில் ஏற்றினால் அவர்களே கையொப்பமிட்டுத் தருவார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். பின் எண்ணை ஸ்கிரிப்ட்டிலேயே எழுதிவிடலாம் என்பது எனக்குத் தோன்றிய வழி. இவற்றுள் எது சரி, எது செய்யக்கூடாதது? இன்னொரு சிறு சிக்கலும் உண்டு: கையொப்பக் கட்டத்துக்குள் ஊர்ப் பெயரைத் தமிழில் போட்டால் எழுத்துகள் சிதறி வருகின்றன.

மறுமொழி 1: திறவுகோல்

வணக்கம். ஆவணங்களில் கையொப்பமிடும் நிரல்களை எழுதுவதும் பராமரிப்பதும் பல ஆண்டுகளாக என் அன்றாட வேலை. உங்கள் முயற்சிகள் எங்கே தவறின என்பதிலிருந்து தொடங்குகிறேன். வழி அதற்குள்ளேயே இருக்கிறது.

கையெழுத்தின் படத்துக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் கட்டமே இல்லாமலும் ஒரு பி.டி.எஃப். கோப்பில் முழுமையாகச் செல்லத்தக்க கையொப்பத்தை இட முடியும். உண்மையில் நடப்பது இதுதான்: கையொப்பமிடும் நிரல் கோப்பின் இறுதியில் ஓர் இடத்தைக் காலியாக ஒதுக்கி, அந்த இடத்தைத் தவிர மீதமுள்ள ஒவ்வொரு பைட்டையும் படித்து, எஸ்.எச்.ஏ. 256 முறையில் 32 பைட் நீளமுள்ள ஒரு சுருக்கத்தைக் கணக்கிடுகிறது. அந்தச் சுருக்கம் டோக்கனில் உள்ள தனிச்சாவியால் கையொப்பமிடப்பட்டு, சான்றிதழோடு சேர்த்து அந்தக் காலி இடத்தில் எழுதப்படுகிறது.

கையொப்பமிட்ட ஒரு கோப்பைச் சாதாரண உரைத் தொகுப்பியில் திறந்து பைட்-ரேஞ்ச் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். எடுத்துக்காட்டாக 0, 61240, 77626, 1890 என்று இருந்தால், கோப்பின் தொடக்கத்திலிருந்து 61,240 பைட்டுகளும், பிறகு 77,626ஆவது இடத்திலிருந்து 1,890 பைட்டுகளும் கையொப்பத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன என்று பொருள். இடையில் விடுபட்ட 16,386 எழுத்துகளில்தான் கையொப்பம் இருக்கிறது: 16,384 பதினறும எழுத்துகள் (0 முதல் 9, A முதல் F வரை), இருபுறமும் ஒவ்வோர் அடைப்புக்குறி. இந்த நான்கு எண்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

உங்கள் இரண்டாவது முயற்சி ஏன் தவறியது என்பது இப்போது விளங்கும். கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் நிரல் பக்கங்களைப் பிரித்தெடுத்துப் புதிய கோப்பு ஒன்றை முதல் பைட்டிலிருந்து எழுதுகிறது. பழைய கணக்கு எதுவும் அங்கே பொருந்தாது. உறைக்கு அரக்கு முத்திரை வைத்த பிறகு உள்ளே இன்னொரு தாளைச் செருக முடியாது அல்லவா? ஆகவே இ-வே பில்லைச் சேர்ப்பது, பக்க எண் போடுவது, கோப்பின் அளவைக் குறைப்பது ஆகிய எல்லாம் முன்னால் முடிந்துவிட வேண்டும். கையொப்பம் கடைசி வேலையாக இருக்க வேண்டும். உங்கள் இரண்டு ஸ்கிரிப்ட்களின் வரிசையை மாற்றினாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். கையொப்பத்துக்குப் பிறகு எதையாவது சேர்த்தே ஆக வேண்டுமென்றால், பழைய பைட்டுகளைத் தொடாமல் கோப்பின் வாலில் மட்டும் சேர்க்கும் முறை ஒன்று உண்டு; வாங்குபவர் தம் பங்குக்கு இரண்டாவது கையொப்பம் இடுவது அந்த முறையில்தான். புதிய பக்கத்தை அப்படிச் சேர்த்தால், சரிபார்க்கும் மென்பொருள் அதை அனுமதிக்கப்படாத மாற்றம் என்றே காட்டும்.

அடுத்தது சாவி. டோக்கன் என்பது பென் டிரைவ் அன்று. தனிச்சாவி அதன் சில்லுக்குள்ளேயே உருவாகிறது, அங்கேயே இருக்கிறது, வெளியே எடுக்க முடியாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. கணினி அந்த 32 பைட் சுருக்கத்தை உள்ளே அனுப்புகிறது. கையொப்பம் மட்டுமே வெளியே வருகிறது. சாவியைக் கோப்பாக எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் டோக்கனை அவர் கையில் கொடுக்காதீர்கள். இணையதளத்தைப் பொறுத்தவரை, அவர்கள் தங்கள் சான்றிதழால் கையொப்பமிட்டால் அங்கே இருக்கப்போவது அவர்கள் பெயர், உங்கள் முதலாளியின் பெயர் அன்று. அதோடு உங்கள் வாடிக்கையாளர், விலை, அளவு எல்லாம் வெளியாரின் கணினியில் போய்த் தங்கிவிடுகின்றன.

பின் எண் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதற்குக் காரணம், மூன்றாவது நிரல் விண்டோஸின் சான்றிதழ்ப் பெட்டகம் வழியாகச் சென்று, ஒவ்வொரு முறையும் டோக்கனைப் புதிதாகத் திறப்பதே. பை-ஹேங்கோவில், டோக்கனோடு நேரடியாகப் பேச உதவும் பி.கே.சி.எஸ். 11 என்ற இடைமுகத்தைப் பயன்படுத்துங்கள். அதில் ஓர் அமர்வைத் தொடங்கும்போது பின் எண்ணை ஒருமுறை கொடுத்தால் போதும். அந்த அமர்வு மூடப்படும்வரை எத்தனை கோப்புகளுக்கு வேண்டுமானாலும் கையொப்பமிடலாம். அமர்வைத் திறக்கும் வரி, கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் சுழலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். சுழலுக்குள்ளே வைத்துவிட்டு, வேகமே இல்லை என்று வருந்துபவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடைமுகத்துக்கு டோக்கன் தயாரிப்பாளர் தரும் டி.எல்.எல். என்ற நிரல் கோப்பின் இருப்பிடத்தை ஸ்கிரிப்ட்டில் குறிப்பிட வேண்டும். 64 பிட் பைத்தானுக்கு 64 பிட் டி.எல்.எல். தேவை. விண்டோஸில் 64 பிட் கோப்புகள் சிஸ்டம்32 என்ற அடைவிலும், 32 பிட் கோப்புகள் சிஸ்-வாவ்64 என்ற அடைவிலும் இருக்கும். பெயர்கள் தலைகீழாக இருப்பதால் பலர் மாற்றிக் கொடுத்துவிட்டு, டோக்கன் பழுது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

பின் எண்ணை ஸ்கிரிப்ட்டில் எழுதுவதைப் பற்றி: வேண்டாம். ஸ்கிரிப்ட் நகலெடுக்கப்படும், மின்னஞ்சலில் போகும், பழைய கணினியோடு விற்கப்படும். பைத்தானோடு வரும் கெட்-பாஸ் என்ற கூறு, திரையில் காட்டாமல் பின் எண்ணைக் கேட்டு வாங்கித் தரும்; அதைப் பயன்படுத்துங்கள். இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பின் எண் தொடர்ந்து சில முறை தவறினால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். முதலாளி பின் எண்ணை மாற்றிய மறுநாள், பழைய எண்ணை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும் ஒரு ஸ்கிரிப்ட் சில நொடிகளில் டோக்கனைப் பூட்டிவிடும். சில வகை டோக்கன்களில் அதன் பிறகு உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிய சான்றிதழ்தான் வாங்க வேண்டும். எனவே பின் எண் தவறென்று தெரிந்தால் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நிற்கும்படி எழுதுங்கள். மறுமுயற்சி என்ற பேச்சே அங்கு இருக்கக் கூடாது.

மறுமொழி 2: பேரேடு

தொழில்நுட்பத்தை மேலே உள்ள நண்பர் நன்றாக விளக்கிவிட்டார். நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். சட்டத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, சட்டம் கையொப்பம் கேட்கும் இடங்களில், அரசு வகுத்த முறைப்படி இடப்படும் மின்னணுக் கையொப்பத்தைக் கையால் இட்ட கையொப்பத்துக்குச் சமமாக ஏற்கிறது. உயில், அறக்கட்டளைப் பத்திரம் போன்ற சில ஆவணங்கள் மட்டும் அதன் முதல் அட்டவணையின்படி விலக்கப்பட்டுள்ளன. இன்வாய்ஸுக்கு அந்தத் தடை இல்லை. இன்னும் சொல்லப்போனால், ஜி.எஸ்.டி. விதி 46 இன்வாய்ஸில் கையொப்பமோ டிஜிட்டல் கையொப்பமோ வேண்டும் என்று சொன்னாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி வழங்கப்படும் மின்னணு இன்வாய்ஸுக்கு அது தேவையில்லை என்ற விலக்கு 2018 டிசம்பர் இறுதியில் சேர்க்கப்பட்டது. ஆயினும் உங்கள் வாடிக்கையாளர் கேட்கிறார், பணம் அவரிடமிருந்து வர வேண்டும். ஆகையால் கொடுத்துவிடுவதே நல்லது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதே சட்டத்தின் 42ஆவது பிரிவை. சான்றிதழ் பெற்றவர் தம் தனிச்சாவியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க உரிய கவனம் எடுக்க வேண்டும், அது வெளிப்பட்டுவிட்டால் சான்றளித்த நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. பொறுப்பு சான்றிதழில் பெயருள்ளவர் மேல்தான் விழுகிறது. ஸ்கிரிப்ட் எழுதியவர் மேல் அன்று.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மேசை இழுப்பறை நிறைய வாடிக்கையாளர்களின் டோக்கன்கள் கிடக்கும். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பெயரையும் அதற்குக் கீழே பின் எண்ணையும் பேனாவால் எழுதியிருப்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, வேலை விரைவாக முடிய வேண்டும் என்பதுதான். ஒரு முறை, கூட்டு வணிகத்திலிருந்து விலகிவிட்ட ஒருவரின் டோக்கன், அவர் பார்த்தே இராத படிவம் ஒன்றில் கையொப்பமிடப் பயன்பட்டுவிட்டது. அவர் அலுவலகத்துக்கு வந்து, அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி, "இது என் பெயர்தான், ஆனால் நான் போடவில்லையே" என்று கேட்டபோது எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. அன்றிலிருந்து எந்த டோக்கனின் பின் எண்ணையும் நான் தெரிந்துகொள்ள மறுத்துவிடுகிறேன்.

எனவே உங்கள் ஸ்கிரிப்ட், கையொப்பமிடும் முன் அன்றைய இன்வாய்ஸ்களின் எண், வாங்குபவர் பெயர், தொகை ஆகியவற்றைத் திரையில் பட்டியலாகக் காட்டட்டும். முதலாளி அதைப் படித்துவிட்டு, தாமே டோக்கனைச் செருகி, தாமே பின் எண்ணைத் தட்டட்டும். வேலை முடிந்ததும் டோக்கனை எடுத்துக்கொண்டு போகட்டும். ஒரு நாளுக்கு ஒருமுறைதான். அதில் அவருக்குச் சிரமம் இராது. அவர் ஊரில் இல்லாத நாட்களுக்கு உங்களையோ வேறொருவரையோ அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியாக எழுத்தில் நியமித்து, அவருடைய சொந்தப் பெயரில் தனிச் சான்றிதழ் வாங்குங்கள். மனிதர் யாரும் அருகில் இல்லாமல் இரவு பகலாகத் தானாகவே கையொப்பமிட வேண்டிய அளவுக்கு எண்ணிக்கை வளர்ந்தால், அதற்கென்றே நிறுவனத்தின் பெயரில் வழங்கப்படும் ஆவணக் கையொப்பச் சான்றிதழ் என்ற தனி வகை உண்டு. பெரிய நிறுவனங்கள் அதன் சாவியை எச்.எஸ்.எம். எனப்படும் பாதுகாப்புக் கருவியில் வைத்துப் பயன்படுத்துகின்றன. நாளுக்கு 40 இன்வாய்ஸுக்கு அது தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்குரிய ஆண்டறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். ஆனால் டோக்கனில் வரும் சான்றிதழின் ஆயுள் கூடிப்போனால் 3 ஆண்டுகள். அதாவது, இன்றைய இன்வாய்ஸை ஐந்தாம் ஆண்டில் ஓர் அதிகாரி திறந்து பார்க்கும்போது சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். கையொப்பம் இடப்பட்ட நாளில் அது உயிரோடு இருந்தது என்பதற்குச் சான்றாக உங்கள் கணினியின் கடிகாரம் மட்டுமே இருந்தால், அந்தக் கடிகாரத்தை யாரும் எப்படி வேண்டுமானாலும் திருப்பி வைத்திருக்கலாம். இதற்கு ஸ்கிரிப்ட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதைத் திறவுகோல் அவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 3: திறவுகோல்

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். அதற்கு விடை காலமுத்திரை. ஆர்.எஃப்.சி. 3161 என்ற நெறிமுறைப்படி, கையொப்பத்தின் சுருக்கத்தை ஒரு காலமுத்திரைச் சேவையகத்துக்கு அனுப்பினால், அது தன் கடிகாரத்தின் நேரத்தோடு சேர்த்துத் தன் சொந்தச் சாவியால் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். ஆவணம் அங்கே போவதில்லை, சுருக்கம் மட்டுமே போகிறது. ஆகவே இன்வாய்ஸில் உள்ள விவரம் எதுவும் வெளியே செல்லாது. நம் நாட்டில் உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்கள் இந்தச் சேவையையும் தருகின்றன. உங்கள் டோக்கன் சான்றிதழை வழங்கியவர்களிடமே கேளுங்கள்.

அதோடு, கையொப்பமிட்ட நேரத்தில் சான்றிதழ் ரத்து செய்யப்பட்டிருக்கவில்லை என்பதற்கான ஆதாரத்தையும் கோப்புக்குள்ளேயே பொதிந்துவைக்கச் சொல்லும் அமைப்பு பை-ஹேங்கோவில் இருக்கிறது. நீண்டகாலச் சரிபார்ப்பு என்று இதைச் சொல்வார்கள். இதைச் செய்தால் கோப்பின் அளவு சற்றுக் கூடும், ஒவ்வொரு கையொப்பத்துக்கும் இணைய இணைப்பு தேவைப்படும், நேரமும் கூடுதலாகும். ஐந்தாறு ஆண்டு வைத்திருக்க வேண்டிய ஆவணத்துக்கு இது கட்டாயம் என்பது என் கருத்து.

மறுமொழி 4: எழுத்துரு ஆர்வலர்

ஊர்ப் பெயர் சிதறுவது பற்றி மட்டும் சொல்கிறேன். பை-ஹேங்கோ கட்டத்துக்குள் எழுத இயல்பாக எடுத்துக்கொள்ளும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லை. எழுத்துருவை மட்டும் மாற்றினாலும் போதாது. கோயம்புத்தூர் என்பதில் முதல் எழுத்தான "கோ" யூனிகோடில் ககரம், அதன் பின் ஓகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் வரும்போது இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்து வடிவமைப்பு இயந்திரம். பை-ஹேங்கோவில் ஓப்பன்-டைப் எழுத்துருவைக் கொடுப்பதற்கென்று தனி வகுப்பு இருக்கிறது. அது ஹார்ஃப்-பஸ் என்ற இயந்திரத்தின் துணையோடு இந்த வேலையைச் சரியாகச் செய்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருக் கோப்பை அந்த வழியாகக் கொடுத்துப் பாருங்கள்; கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். நம் ஊர்ப் பெயரைச் சரியாக எழுதுவதற்கு இவ்வளவாவது மெனக்கெடலாம்.

மறுமொழி 5: வார்ப்படக் கணக்கர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். வரிசையை மாற்றிவிட்டேன், பி.கே.சி.எஸ். 11 அமர்வு ஒன்றைச் சுழலுக்கு வெளியே திறக்கிறேன், பட்டியலையும் காட்டுகிறேன். டி.எல்.எல். விஷயத்தில் நானும் அந்த அடைவுப் பெயர்களால்தான் ஒரு மாலைப் பொழுதை இழந்தேன். நேற்று 38 இன்வாய்ஸ்களும் காலமுத்திரையோடு சேர்த்து இரண்டரை நிமிடத்தில் முடிந்தன. முதலாளி பட்டியலைப் படிக்கத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். படிக்கும்போதே ஓர் இன்வாய்ஸில் அளவு தவறாக இருப்பதைக் கண்டுபிடித்து நிறுத்தச் சொன்னார். முன்பு கட்டம் வரைந்துகொண்டிருந்தபோது அவர் தொகையைப் பார்த்ததே இல்லை என்று சொன்னார்.

இரண்டு சந்தேகங்கள் மீதமுள்ளன. வியாழக்கிழமை பாதியில் யாரோ மேசையைத் தட்டியதில் டோக்கன் கழன்றுவிட்டது. மறுபடி ஓட்டியபோது முதல் 17 கோப்புகளிலும் இரண்டாவது கையொப்பம் விழுந்தது. 18ஆவது கோப்பு பாதி எழுதப்பட்டு, திறக்கவே முடியவில்லை. அடுத்து, வாங்குபவரின் கணினியில் கையொப்பத்தின் மேல் மஞ்சள் நிறக் கேள்விக்குறி வருகிறதாம். செல்லாத கையொப்பம் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

மறுமொழி 6: திறவுகோல்

நல்ல செய்தி. முதல் சந்தேகத்துக்கு: வெளியீட்டுக் கோப்பை அதன் இறுதிப் பெயரில் நேரடியாக எழுதாதீர்கள். தற்காலிகப் பெயரில் எழுதி, கையொப்பம் முழுமையாக விழுந்ததை அதே ஸ்கிரிப்ட்டில் சரிபார்த்து, அதன் பிறகு மட்டுமே பெயரை மாற்றி, கையொப்பமிட்டவை என்ற அடைவுக்கு நகர்த்துங்கள். அவ்வாறு செய்தால் டோக்கன் எந்த நொடியில் கழன்றாலும் அரைகுறைக் கோப்பு அந்த அடைவுக்குள் போகாது. ஒவ்வொரு கோப்பையும் எடுக்கும்போது, அதில் ஏற்கனவே கையொப்பம் இருக்கிறதா என்று பை-ஹேங்கோவின் கோப்புப் படிப்பானிடம் கேட்டு, இருந்தால் தாண்டிச் செல்லுங்கள். அந்த 17 கோப்புகளிலும் இரண்டு கையொப்பங்களும் செல்லுபடியாகும், ஆனால் பார்ப்பவர் குழம்புவார். மூலக் கோப்பிலிருந்து மறுபடி உருவாக்கி அனுப்புவது நல்லது. மூலக் கோப்புகளை ஒருபோதும் மேலெழுதாதீர்கள்.

மஞ்சள் கேள்விக்குறிக்குப் பொருள், கையொப்பம் தவறு என்பதன்று. இந்தச் சான்றிதழை யார் நம்பச் சொன்னார்கள் என்று அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை என்பதே. ஒவ்வொரு சான்றிதழுக்கும் அதற்கு மேலே உள்ள சான்றிதழ் ஒன்று உறுதியளிக்கிறது; இந்தியச் சான்றிதழ்களின் இந்தச் சங்கிலி, சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளரான சி.சி.ஏ.வின் மூலச் சான்றிதழில் போய் முடிகிறது. முதலில், நீங்கள் இடும் கையொப்பத்துக்குள் உங்கள் சான்றிதழ் மட்டுமின்றி இடைநிலைச் சான்றிதழ்களும் பொதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சில டோக்கன்களில் இறுதிச் சான்றிதழ் மட்டுமே இருக்கும், மற்றவற்றை வழங்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். பிறகு வாங்குபவர், சி.சி.ஏ.வின் மூலச் சான்றிதழை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கித் தம் மென்பொருளில் நம்பகமானதாக ஒருமுறை சேர்த்துக்கொண்டால் பச்சைக் குறி வந்துவிடும். மூலச் சான்றிதழை நீங்கள் மின்னஞ்சலில் இணைத்து அனுப்பாதீர்கள். எதை நம்ப வேண்டும் என்பதை அனுப்புபவரே சொல்வது முறையாகாது. அவர்களே போய் எடுத்துக்கொள்ளட்டும். ஆவணம் உண்மையிலேயே மாற்றப்பட்டிருந்தால் மஞ்சள் வராது, சிவப்புப் பெருக்கல் குறி வரும். அந்த வேறுபாட்டை அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு ஒரு வரியில் எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. சான்றிதழைப் புதுப்பிக்கும்போது, சிலர் பழையதை அழிக்காமல் அதே டோக்கனில் புதியதையும் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால், பெயரை வைத்துத் தேடும் ஸ்கிரிப்ட் தடுமாறி நின்றுவிடலாம், அல்லது காலாவதியானதையே எடுத்துவிடலாம். சான்றிதழை அதன் அடையாள எண்ணால் தேர்ந்தெடுங்கள். அமர்வு திறந்ததும் காலாவதித் தேதியைப் படித்து, 30 நாட்களுக்குக் குறைவாக இருந்தால் பட்டியலுக்கு மேலேயே எச்சரிக்கை வரும்படி எழுதுங்கள். புதுப்பிப்பதற்குக் காணொளிச் சரிபார்ப்பு உட்படச் சில நாட்கள் பிடிக்கும். அந்த நாட்களில் 40 இன்வாய்ஸ்கள் வீதம் தேங்கிவிடும்.

மறுமொழி 7: வார்ப்படக் கணக்கர்

மிக்க நன்றி. காலாவதித் தேதியை இப்போதே படித்துப் பார்த்தேன்: இன்னும் 52 நாட்கள். முதலாளியிடம் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை விண்ணப்பிக்கிறோம்.